‘எத்தனை பவர்?’ என்று கேட்பதற்கு முன்

பைனாகுலர் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது ‘எத்தனை பவர்?’ என்றுதான். விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இணையக் கடைகளில் உள்ளங்கை அளவுக் குழாய் ஒன்றில் ‘300×40’ என்று அச்சடித்து விற்கிறார்கள். கூடவே நிலாவின் பள்ளங்கள் தெளிவாகத் தெரிவதுபோல ஒரு படம். வாங்கிப் பார்த்தவர் ‘என்ன இது, மங்கலா இருக்கே’ என்று அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்.

தொலைவில் இருக்கும் விலங்கையோ பறவையையோ பார்க்கும் கருவி எப்படி வேலை செய்கிறது, அதன் வேலையைக் கெடுப்பவை எவை, கருவியைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதைப் புதிதாக வருபவர்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். பவர் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் என்பது என் கட்சி.

## நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பவர்கள்

இந்தக் கருவிகளை ஈவிரக்கமில்லாமல் வேலை வாங்குபவர்கள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இருக்கும் மலை வேட்டைக்காரர்கள். அங்கே மாநில அரசு தரும் உரிமத்தோடு, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்குள் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அரிசோனாவின் தெற்கு மலைகளில் கூஸ் மான் என்று ஒன்று உண்டு. வெள்ளைவால் மான் இனத்தில் சிறிய வகை. வளர்ந்த கிடாவே சுமார் 45 கிலோதான். பாறையின் சாம்பல் நிறம். முள்ளும் புதருமான சரிவில் அது படுத்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நடந்து தேடினால் நம் காலடிச் சத்தத்துக்கே எழுந்து போய்விடும்.

அதனால் அவர்கள் நடப்பதில்லை. விடியுமுன் ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்து, எதிர்ச்சரிவை மணிக்கணக்காகக் கண்ணாடி வழியே துழாவுகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிளாஸிங். கையில் இருப்பது பெரும்பாலும் 15 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர். கையில் என்று சொன்னது தவறு, ட்ரைபாடின் மேல்.

அலாஸ்காவில் தேவை வேறு. அங்கே டால் ஆடு என்ற வெள்ளை மலையாட்டைப் பல பகுதிகளில் கண்டபடி சுட முடியாது. கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கொம்பு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஆட்டுக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதைக் கொம்பில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணித்தான் சொல்ல முடியும். தப்பாக எண்ணினால் சட்ட நடவடிக்கை. இங்கேதான் ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவைப்படுகிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும், 20 முதல் 60 மடங்கு வரை கூட்டிக் குறைக்கக்கூடிய நீளக் குழாய் அது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கு முடிவு கட்டிவிட்டன. ஆனால் கோடியக்கரைச் சேற்று மேட்டில் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் உள்ளான் கூட்டத்தை இனம் பிரிக்க முயல்பவருக்கும், நீலகிரியின் முக்குருத்தியில் எதிர்ப்பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரையாடுகளை எண்ணுபவருக்கும் பிரச்சினை அதேதான். கருவியும் அதேதான்.

## பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்

10×42 என்றால் முதல் எண் உருப்பெருக்கம். நாம் பவர் என்று சொல்வது இது. கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மான், 100 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். வெளிச்சம் நுழையும் வாசல் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்கிறது.

பலர் இரண்டாவது எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## ஒரு கரண்டி மாவு

தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவு ஊற்றுகிறீர்கள். சின்னதாகத் தேய்த்தால் தடிமனாக வரும். அதே மாவை மூன்று மடங்கு அகலத்துக்கு இழுத்தால் பரப்பு ஒன்பது மடங்காகிறது, தடிமன் ஒன்பதில் ஒன்றாகிறது. மாவு கூடவில்லை, பரவிவிட்டது, அவ்வளவுதான்.

முன் லென்ஸ் பிடிக்கும் வெளிச்சம் அந்த ஒரு கரண்டி. பவரைக் கூட்டுவது தேய்ப்பது. 80 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட ஸ்கோப்பை 20 மடங்கிலிருந்து 60 மடங்குக்குத் திருப்பினால், படம் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம், கணக்கு அப்படி.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் கண்ணாடியில் ஒரு சின்ன வட்டப் பொட்டு ஒளிரும். ஆங்கிலத்தில் எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். நாம் ஒளிப்பொட்டு என்று வைத்துக்கொள்வோம். கருவியை விட்டு வெளியே வரும் ஒளிக்கற்றையின் குறுக்களவு அது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைத்துவிடும். 8×42-க்கு 5.25 மில்லிமீட்டர், 10×42-க்கு 4.2, 15×56-க்கு 3.7. அந்த 80 மில்லிமீட்டர் ஸ்கோப்புக்கு 20 மடங்கில் 4, 60 மடங்கில் வெறும் 1.3.

நம் கண்மணி நல்ல வெயிலில் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். அந்தி நேரத்தில் 5-க்கு மேல் விரியும், இளைஞர்களுக்கு 7 வரைகூட. ஒளிப்பொட்டு கண்மணியைவிடச் சிறியதாக இருந்தால் கண் விரிந்து பயனில்லை. படம் இருட்டாகவே தெரியும். மான்கள் மேய வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைவாசலில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு கருவிகள், மாலை ஆறே காலுக்கு வேறு வேறாகிவிடுவது இதனால்தான்.

இப்போது அந்த 300×40-ஐ வகுத்துப் பாருங்கள். 0.13 மில்லிமீட்டர். அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருந்தால் அதில் எதுவுமே தெரியாது. தெரிகிறது என்றால் 300 என்பது பொய்.

அப்புறம், உள்ளே நுழைந்த வெளிச்சம் முழுதும் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு காலி. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த பூச்சு இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தது. இன்று ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று போட்டிருந்தால், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று பொருள். அது இல்லாததை விலை பார்த்து வாங்காதீர்கள்.

இதுவரை பார்த்தது: பவர் கூடக் கூடப் படம் இருளும். அதை ஈடுகட்ட முன் லென்ஸ் பெரிதாக வேண்டும். லென்ஸ் பெரிதானால் எடை கூடும்.

## எவ்வளவு சின்னது வரை தெரியும்?

‘ஒரு கிலோமீட்டர் வரை பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் வரும். வெறும் கண்ணால் நிலாவையே பார்க்கிறோம், அதற்கென்ன? கேட்க வேண்டியது, அந்தத் தூரத்தில் எவ்வளவு சின்ன விவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பது. இதற்குப் பிரித்தறியும் திறன் என்று பெயர்.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரிக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். அதாவது வெறும் கண்ணுக்கு அங்கே நிற்கும் மான் ஒரு புள்ளி. 10 மடங்கில் இது 3 சென்டிமீட்டராகக் குறையும். காது தெரியும், கால் தெரியும், கொம்பு இருக்கிறதா என்று ஓரளவு சொல்லலாம். 15 மடங்கில் 2 சென்டிமீட்டர். 30 மடங்கில் ஒரு சென்டிமீட்டர்.

அப்படியானால் 60, 100 என்று ஏற்றிக்கொண்டே போகலாமே? முடியாது. ஒளி அலை வடிவில் பரவுவதால் ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் விட்டத்தைப் பொறுத்து ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள விவரங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 80 மில்லிமீட்டர் லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு கிலோமீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர்தான் அதன் எல்லை. ஏறக்குறைய 40 மடங்கிலேயே கண் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினால் கண்ணுக்குச் சிரமம் குறையும், சரி. ஆனால் புதிதாக ஒரு வளையமோ ஒரு இறகோ தெரியப்போவதில்லை. டால் ஆட்டின் கொம்பு வளையத்தை எண்ண அலாஸ்காக்காரர்கள் சில நூறு மீட்டருக்குள் ஊர்ந்து போவது இதனால்தான். எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பும் அந்த நடையை மிச்சப்படுத்தாது.

## கை ஆடினால் எல்லாம் போச்சு

மேலே சொன்ன கணக்கெல்லாம் கருவி அசையாமல் இருந்தால்தான். கை எப்போதும் ஆடும். மூச்சில் ஆடும், நாடித் துடிப்பில் ஆடும், மலை ஏறி வந்த களைப்பில் இன்னும் ஆடும். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி அந்த ஆட்டத்தையும் 10 மடங்கு பெரிதாக்கும். பெரும்பாலோருக்குக் கையில் பிடித்துப் பார்க்க 8 அல்லது 10 மடங்குதான் எல்லை. 12-இல் தடுமாற்றம் ஆரம்பித்துவிடும். 15 மடங்கைக் கையில் பிடித்தால் 8 மடங்கில் தெரியும் அளவுகூடத் தெரியாமல் போகலாம்.

ஆனால் ட்ரைபாடின் பயன் விவரத்தோடு நின்றுவிடவில்லை. விலங்கைக் கண்டுபிடிப்பதே அதனால்தான். நம் கண் அசைவைப் பிடிப்பதில் கெட்டிக்காரக் கண், குறிப்பாகப் பார்வையின் ஓரங்களில். அசையாத சரிவில் ஒரு காது சட்டென்று ஈ ஓட்டினால் கண் தானாக அங்கே போகும். படம் முழுக்கவே ஆடிக்கொண்டிருந்தால்? அந்தக் காதசைவு ஆயிரம் அசைவுகளில் ஒன்றாகக் காணாமல் போய்விடும். சரிவு காலியாக இருக்கிறது என்று எழுந்து போய்விடுவோம்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்களிடம் இருக்கும் சாதாரண பைனாகுலரையே ஒரு சுவர் மேல் மடித்த துண்டு போட்டு அழுத்தி வைத்துப் பாருங்கள். புதுக் கருவி வாங்கியதுபோல இருக்கும். செலவு ஒன்றுமில்லை.

கிளாஸிங் செய்யும் முறையும் இதைச் சார்ந்ததே. பார்வைப் பரப்பு, அதாவது ஒரே நேரத்தில் கருவிக்குள் அடங்கும் இடத்தின் அகலம், 10 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 110 மீட்டர் போல இருக்கும். 15-இல் 80-க்குக் கொஞ்சம் குறைவு. 60 மடங்கில் 20 மீட்டர் வந்தால் அதிகம். எனவே முதலில் பைனாகுலரால் சரிவை வரிசை வரிசையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் நிறுத்தி, கருவியைத் தொடாமல், உள்ளே கண்ணை மட்டும் ஓட்டுகிறார்கள். முழு மானைத் தேடுவதில்லை. செங்குத்தான புதர்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு முதுகுக் கோடு, நிழலில் ஒரு வெள்ளைத் தொண்டை, கொம்பின் ஒரு பளபளப்பு. அந்தக் கட்டம் முடிந்ததும் கொஞ்சம் நகர்த்தி, பழைய ஓரம் புதிய படத்திலும் வரும்படி நிறுத்தி, மறுபடி. சந்தேகமாக ஏதாவது பட்டால்தான் ஸ்கோப். ஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மலையைத் தேடுகிறேன் என்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

சுருக்கமாக: பைனாகுலர் தேடுவதற்கு, ஸ்கோப் உறுதிப்படுத்துவதற்கு, ட்ரைபாட் இரண்டுக்கும்.

## ட்ரைபாடில் எதைப் பார்க்க வேண்டும்

செல்போன் வைக்கும் மெல்லிய கால் ட்ரைபாட் இதற்கு ஆகாது. விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படம் எவ்வளவு நேரம் அதிர்கிறது என்று பாருங்கள். சட்டென்று அடங்கினால் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால், மலைக்காற்றில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கால்கள் அலுமினியமா கார்பன் ஃபைபரா என்ற விவாதம் நிறைய நடக்கும். கார்பன் எடை குறைவு, அதிர்வைச் சீக்கிரம் அடக்கும், விலை அதிகம். தோளில் சுமந்து ஏறுபவருக்கு அந்த விலை நியாயம். காரிலிருந்து இறங்கிப் பத்தடியில் நிற்பவருக்கு அலுமினியமே போதும், எடை கூடுதலாக இருப்பதும் நல்லதுதான்.

நடுத்தண்டு என்று ஒன்று மேலே ஏறும். அதை ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் மூன்று காலின் உறுதி போய் ஒற்றைக் குச்சியின் மேல் கருவி நிற்கும். உட்கார்ந்து பார்ப்பவர்கள் நடுத்தண்டே இல்லாத குட்டை ட்ரைபாடை விரும்புவது இதனால்தான். நின்று பார்ப்பது உங்கள் வழக்கமென்றால், அதை ஏற்றாமலே கண் உயரத்துக்கு வருமா என்று கடையிலேயே நின்று பாருங்கள். காற்று அடித்தால் கால்களைத் தாழ்த்தி, நடுவில் பையைத் தொங்கவிடலாம். பை தரையை லேசாகத் தொட வேண்டும், இல்லையென்றால் அதுவே ஊஞ்சலாடும்.

காலைவிடத் தலைதான், அதாவது கருவியைப் பொருத்தும் மேல்பகுதிதான், புதியவர்களை ஏமாற்றும். போட்டோக்காரர்களுக்குப் பிடித்த பால் ஹெட்டில் ஒரு பிடியைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் சரியும். வரிசையாகத் தேடும் வேலைக்கு அது தொல்லை. கைப்பிடி வைத்த ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்கள். உள்ளே இருக்கும் கெட்டியான மசகு, நகர்த்தும்போது ஒரே சீரான இழுவை கொடுக்கும். திடுக்கென்று குதிக்காது. கையை எடுத்தால் விட்ட இடத்தில் நிற்கும். சிறியதாகவே இருந்தால் போதும்.

பைனாகுலரை எப்படி மாட்டுவது என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் நடுக்கீலின் முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை. அதற்கான அடாப்டரை மாட்டி ட்ரைபாடில் பொருத்திவிடலாம். வாங்குமுன் அந்த மரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பணத்தால் வெல்ல முடியாத ஒன்று

காற்று. வெயில் ஏறினால் தரை சுடுகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி எழுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். படம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும். தார்ச்சாலையில் தெரியும் கானல் இதே காரணத்தால் வருவதுதான். பவரைக் கூட்டினால் நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்குவோம். அரிசோனாப் பாலை மலையிலும் வேதாரண்யம் உப்பளத்திலும் முற்பகல் தாண்டியபின் 60 மடங்கு வீண். 25, 30-க்கு இறக்கினால் படம் சின்னதாகும், ஆனால் பார்க்கிறபடி இருக்கும். விடியற்காலை, மேகம் மூடிய நாள், தரையிலிருந்து கொஞ்சம் உயரமான இடம் ஆகியவை உதவும். காரின் சூடான பானட்டுக்கு மேலாகப் பார்ப்பதும், மூடிய கார்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் நாமே படத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்.

## பார்ப்பது வேறு, சுடுவது வேறு

நெடுந்தொலைவு வேட்டை என்றதும் கிலோமீட்டர் தள்ளி நின்று சுடுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தொலைவில் பார்த்து, காற்றின் திசை அறிந்து, மறைந்து நெருங்கிப் போவதே அந்த மலைகளின் பழைய வழக்கம். தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பு, தொலைச்சுடலை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணரும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இன்னொன்று, துப்பாக்கியின் மேல் இருக்கும் ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்தக் கூடாது. அதன் வழியாக எதைப் பார்த்தாலும் துப்பாக்கிக் குழலும் அதையே நோக்கியிருக்கும். எதிர்ச்சரிவில் அசைவது மனிதராக இருக்கலாம்.

## எந்த வரிசையில் வாங்குவது

முதலில் நல்ல பூச்சுள்ள 8×42 அல்லது 10×42 பைனாகுலர். காட்டுக்குள் சுற்றுபவருக்கு 8, திறந்த வெளிக்கு 10. அடுத்து ட்ரைபாடும் ஃப்ளூயிட் ஹெட்டும். இந்த இரண்டையும் வைத்துக் குறைந்தது ஒரு பருவமாவது பாருங்கள். அதற்குப் பிறகும் இனம் பிரிக்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால் 65 அல்லது 80 மில்லிமீட்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப். மலை ஏறுபவர் 65-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். 15×56 ஒரு நல்ல கருவிதான். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை இருப்பவருக்கு மட்டும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் இடைவெளியைக் கேட்க வேண்டும். கருவியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழுப் படமும் தெரியும் என்ற அளவு அது. 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். ஸ்கோப்பில் கண் வைக்கும் பகுதி சாய்ந்த வகை, நேர் வகை என இரண்டு உண்டு. வெவ்வேறு உயரமுள்ள நாலு பேர் மாறி மாறிப் பார்ப்பதென்றால் சாய்ந்த வகை வசதி. சட்டென்று குறியைப் பிடிக்க நேர் வகை சுலபம்.

நம் ஊர்க் கடலோர ஈரத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. நைட்ரஜன் நிரப்பி நீர் புகாதபடி அடைத்த கருவியாகப் பார்த்து வாங்குங்கள். உபயோகித்தபின் ஈரத்தோடு தோல் உறைக்குள் போட்டு மூடினால் சில மாதத்தில் லென்ஸில் பூஞ்சை சிலந்தி வலைபோலப் பரவிவிடும், அதை எடுப்பது பெரும் செலவு. காற்றுப் புகாத ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம்.